அம்மையா அம்மியா

முக்கூடலில் என் வகுப்புக்கு ஒரே ஜன்னல்.
முப்பத்தொரு மூக்கு.
ஐப்பசி பிறந்தால் அத்தனையும் ஒழுகும்.

கைப்பையில் சாக்பீஸ், ஊக்கு,
தேன்மிட்டாய்ப் பொட்டலம்,
அடியில் ஒரு தெர்மாமீட்டர்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
கடைசி மருந்து ஏறி ஒன்றரை வருஷம்.
கழுத்துக் கட்டி கரைந்துவிட்டது.
முடி வந்துவிட்டது, முன்னைவிடச் சுருட்டையாக.
முடிக்கு இருந்த அவசரம்
வெள்ளணுக்களுக்கு இல்லை.

‘நூறைத் தாண்டினா
விடியட்டும்னு இருக்காதீங்க.
ராத்திரின்னாலும் வண்டி பிடிங்க’ என்றார் டாக்டர்.
பேனாவை மூடிக்கொண்டே,
‘பிள்ளைகள் இல்லாத வேலை
ஏதாவது பார்க்கலாமே’ என்றார்.
எனக்குத் தெரிந்த மற்ற வேலை
பீடி சுற்றுவது.
ஆயிரத்துக்கு என்ன கூலி என்று
அவர் கேட்கவில்லை.

‘லேசா மேலு காயுது டீச்சர்,
மருந்து ஊத்தித்தான் கொண்டாந்தேன்’
என்று கையில் திணிப்பாள் இசக்கியம்மாள்.
பிள்ளை வீட்டில் கிடந்தால்
அவளுக்கு முந்நூறு பீடி குறையும்.
இங்கே கிடந்தால் எனக்கு எது குறையும் என்று
எண்ணிச் சொல்ல முடியாது.
இரண்டையும் நிறுக்கத் தராசு இல்லை.
பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை
முப்புடாதியின் பின்னலில்
வேப்பிலை ஒன்று சொருகிக் கிடந்தது.
‘வீட்டுல யாருக்குட்டி?’
விரலை வாயில் வைத்தாள்.
எக்கி நின்று என் காதில் சொன்னாள்:
‘அண்ணனுக்கு ஆத்தா வந்திருக்கா.
சத்தமாப் பேசக்கூடாது.’
காதோடு சொன்னாள்.
கட்டி இருந்த இடத்தில்
அந்த மூச்சு சுடச்சுடப் பட்டது.

‘சின்ன வயசுல உங்களுக்கு வந்திருக்கா?’
போனில் டாக்டர்.
சொல்ல வேண்டியவள் செத்து ஒன்பது வருஷம்.
கண்ணாடி முன் நின்றேன்.
இடது புருவத்துக்கு மேல் ஒரு குழி,
கல்யாணப் போட்டோவில்
பவுடர் அப்பி மூடியது.
தழும்பே, நீ அம்மையாக இரு என்று
வேண்டிக்கொண்டேன்.
தழும்பை வேண்டிய பெண்
ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கடையத்தில் இருக்கும் அண்ணனைக் கூப்பிட்டேன்.
‘அது அம்மை இல்லட்டீ. அம்மி.
அம்மிக்கல்லுல போய் விழுந்த.
இரு, விழுந்தது நீயா, பூமாரியா?’
பின்னால் மதினி ஏதோ திருத்தினாள்.
இருவரும் சண்டை போட ஆரம்பித்தார்கள்.
போனை வைத்தேன்.

ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பிய பஸ்ஸில்
பேட்டை தாண்டும்வரை
முன்சீட்டுக் குழந்தை இருமியது.
நான் முகத்தை வெயில் பக்கம் வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சொன்னார்கள்.
வந்திருக்கிறது.
யாருக்கும் ஞாபகமில்லாத ஏதோ ஒரு பங்குனியில்
என்னை வாழையிலையில் கிடத்தியிருக்கிறார்கள்.
‘சந்தோஷப்படுங்க. ஆனா அது முழுசாப் போகாது.
நரம்புக்குள்ள தூங்கும்.
உடம்பு அசந்தா அக்கியா எழும்பும்.’
ஆத்தா இன்னும் உள்ளேதான் இருக்கிறாள்.
சத்தமாகப் பேசக்கூடாது.

இப்போதெல்லாம் யாரும் மடியேறினால்
முகத்தை அந்தப் பக்கம் திருப்பி உட்காரவைக்கிறேன்.
அதனால் உச்சிகளைப் பாடம் பண்ணிவிட்டேன்:
சுடலைமணிக்கு வலச்சுழி,
ரபேக்காளுக்கு இடது,
முப்புடாதிக்கு இரட்டை.

பதினைந்தாம் நாள் முப்புடாதி வரவில்லை.
எனக்குக் காரணம் தெரியும்.

தலைக்கு ஊற்றி அவள் திரும்பி வந்தபோது
புருவத்தோரம் புதிதாய் ஒரு குழி.
சொறியாதே என்று சொன்னதை
எவள் கேட்டாள்?
ஓடிவந்து மடியில் ஏறி
தானாகவே முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அவள் கார்டை எடுத்து,
உடல்நலம் என்ற கட்டத்தில்,
வருஷம் முழுக்க ‘நன்று’ என்று மட்டுமே
நான் எழுதும் அந்தக் கட்டத்தில்,
தேதி போட்டு எழுதினேன்:

இடப்புருவத் தழும்பு, அம்மை.
அம்மி அல்ல.